பெட்டிக்குள் மின்சாரம் - 9: படகு பேட்டரிக்கு ஆயுசு எத்தனை?

"விசைப்படகு பேட்டரியை வருஷா வருஷம் மாற்றுகிறோம். கடையில் ஏமாற்றுகிறார்களா?" நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. நான் குடியிருப்பது ரமணாசிரமம் பக்கம். இங்கே தண்ணீர் என்றால் பாலி தீர்த்தம்தான். அதில் படகு ஏது? ஆனால் செங்கம் சாலையில் பேட்டரிக் கடை உண்டு. என் வீட்டு இன்வெர்ட்டரும் அதே வாரம் படுத்துக்கொண்டது. இரண்டு சங்கதியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் முதலில் என் பேட்டரியின் மூடியைத் திருகி உள்ளே டார்ச் அடித்தார். "தட்டு வெளிய தெரியுது பாருங்க சார். தண்ணி ஊத்தி எத்தன மாசம் ஆச்சு?" நான் கிரிவலம் போகிறவர்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

நாகப்பட்டினக் கேள்வியைச் சொன்னதும் திருப்பி ஒன்று கேட்டார்: "ராத்திரி பூரா அதுலயே லைட்டும் எரியுதா?"

பதில் அதிலேயே இருக்கிறது. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரிக்குள் ஈயத் தட்டுகள் மெலிசு, எண்ணிக்கை அதிகம். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளி வீசவேண்டும், அவ்வளவுதான் வேலை. செலவானதை ஓடும் இன்ஜினே உடனே நிரப்பிவிடும். அப்படி மட்டும் வைத்திருந்தால் மூன்று நான்கு வருஷம் வரும். அதே பேட்டரியில் விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் விடிய விடிய ஓடினால் அடிவரை வற்றும். ஒவ்வொரு முறை வற்றும்போதும் தட்டின் மேல்பூச்சு கொஞ்சம் உதிரும். உடனே சார்ஜ் ஏற்றாவிட்டால் தட்டில் படிந்த ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப்போகும். நூறு இரவு தாங்கினாலே பெரிய விஷயம். ஆக, யாரும் ஏமாற்றவில்லை. கிளப்புவதற்கு ஒன்று, விளக்குக்குத் தடித்த தட்டுள்ள இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். இரண்டாவதைப் பாதிக்கு மேல் வற்ற விடாவிட்டால் ஐந்நூறு முறைக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். உப்புக்காற்றில் முனைகள் பச்சையாகப் பூக்கும். துடைத்து வாசலின் தடவுங்கள்.

பேட்டரியாலேயே ஓடும் படகென்றால் கணக்கே வேறு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே வேம்பநாட்டுக் காயலில் 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' ஓடுகிறது. பெரியார் சிறை சென்ற அதே வைக்கம்தான். 75 பேர் ஏறும் இந்தச் சூரிய சக்திப் படகில் இருப்பது 50 யூனிட் லித்தியம் பேட்டரி. ஈய பேட்டரி போட்டிருந்தால்? 50 யூனிட்டுக்கே ஒன்றரை டன் எடை. அதில் பாதியைத்தான் தொடலாம் என்பதால் இரட்டிப்பாக வைக்கவேண்டும், மூன்று டன். நாற்பது பயணிகளின் எடையைப் பேட்டரியே தின்றுவிடும். தினம் ஒருமுறை வற்றி நிரம்பினால் ஐந்நூறு முறை என்பது இரண்டு வருஷத்துக்கும் காணாது. லித்தியத்தில் இரும்பு பாஸ்பேட் வகை இரண்டாயிரம், மூவாயிரம் முறை அநாயாசமாகத் தாங்கும். அதாவது ஐந்தரை முதல் எட்டு வருஷம்.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ இன்னொரு வழியில் போனது. அங்கே லித்தியம் டைட்டனேட். அதே எடைக்குக் குறைந்த மின்சாரமே கொள்ளும், விலையும் தலை சுற்றவைக்கும். ஆனால் துறையில் ஆள் ஏறி இறங்கும் நேரத்திலேயே கால் மணிக்குள் சார்ஜ் குடித்துவிடும். பத்தாயிரம் முறைக்கு மேலும் உழைக்கும். ஓயாமல் போய்வரும் படகுக்கு இது சரி. வாரம் இருமுறை கடலுக்குப் போகிறவருக்கு வீண்செலவு என்றே சொல்வேன்.

எந்த வகையானாலும் வெயில் ஆகாது. ஈய பேட்டரிக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுசு ஏறக்குறைய பாதி என்பது தொழிலில் உள்ள கணக்கு. இன்ஜின் அறைக்குள் ஒட்டிவைத்த பேட்டரிக்கும், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் நான் வைத்திருந்ததற்கும் ஒரே தலையெழுத்து.

கடைக்காரர் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, மெல்லிய சார்ஜில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். ஆறு அறையில் ஐந்து தேறியது. ஆறாவதில் அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் மிதவை எழும்பவே இல்லை.

"புதுசு எடுத்துக்குங்க சார். கொட்டகை வேணாம், மாடிப்படிக்குக் கீழ வைங்க."

(தொடரும்)