58-08-2: இது யாருடைய நம்பர்?

பல்கலைக்கழக அறிவியல் நூலகர் என்றால் முத்திரை குத்துபவர், அபராதம் வாங்குபவர் என்றுதானே நினைக்கிறோம்? கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே வாருங்கள். அங்கே நடப்பது வேட்டை!

வேதியியல் ஆய்வு மாணவி ஒருவர் ஒரு பொருளின் பெயரோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை மட்டும் தட்டித் தேடினால் பல கட்டுரைகள் கண்ணில் படாமலே போய்விடும். ஒரே பொருளுக்கு அத்தனை பெயர்! காபியில் இருப்பது கஃபீன், தேயிலையில் இருப்பது தெயீன் என்று விஞ்ஞானிகளே இரண்டாக வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவந்தது 1838-இல். 1,3,7-டிரைமெத்தில்சாந்தீன் என்று முறைப்படியான பெயர் வேறு.

அதனால் நூலகர் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்கிறார். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ‘கேஸ்’ பிரிவு 1965 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவெண் தருகிறது. இதுவரை 20 கோடிக்கும் மேல்! கஃபீனுடையது 58-08-2. அந்தக் கடைசி 2 இருக்கிறதே, அதில்தான் எனக்குக் கொள்ளை ஆசை. மற்ற இலக்கங்களை வலமிருந்து எடுங்கள்: 8-ஐ 1-ஆல், 0-வை 2-ஆல், 8-ஐ 3-ஆல், 5-ஐ 4-ஆல் பெருக்கிக் கூட்டினால் 52. அதன் கடைசி இலக்கம் 2! எண்ணை எழுதும்போது கை பிசகினால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தண்ணீர் 7732-18-5. ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்களேன், 105 வரும்!

கட்டுரை கிடைத்ததும் இன்னொரு சோதனை: அது இன்னும் செல்லுமா? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. இப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றின் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ பட்டியலை 2023-இல் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு வாங்கி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மாணவி மேற்கோள் காட்டுவதற்கு முன்பே நூலகர் அதில் ஒருமுறை பார்த்துவிடுகிறார்.

கணித ஆசிரியராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. இந்த வேலை முழுக்க அந்த ஒரு விதிதான் என்பேன். தேட வேண்டிய கடலோ பெரிதாகிவிட்டது: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் நம் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்திருக்கின்றன. ஆய்வு மாணவர்களே, அந்தக் கடலில் இறங்கும் முன் நூலகர் மேசைக்கு ஒரு நடை போய்வாருங்கள். கையில் பதிவெண்ணோடு போனால் இன்னும் குஷியாகிவிடுவார்!