மும்முனை கரண்ட் வந்தால் முதலில் இவர்களுக்குத்தான் தெரியும்!

குடிமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. உள்ளே விட்டுவிட்டார்கள், வாங்க! கீழே பார்த்து நடங்க, ஒயர் ஓடுகிறது. அதோ கவிழ்த்து வைத்த நீல பக்கெட், அதற்கடியில்தான் நில அதிர்வு சென்சார். இப்படி எட்டுக் கருவிகளைத் தோப்பெங்கும் புதைத்து வைத்திருக்கிறார்கள் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள்.

புதைப்பதுதான் பெரும்பாடு. குழிக்குள் தலையை விட்டு, கருவியின் மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகைத் திருகி, காம்பஸ் வைத்து வடக்கு பார்த்து, மண்ணைத் தள்ளி மூடணும். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். அப்புறம் கொண்டாட்டம்! கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது குதிக்க வேண்டும். குழுவிலேயே கனமான தம்பியைத் தள்ளிவிட்டார்கள். தொம்மென்று அவர் குதிக்க, லேப்டாப்பில் கோடுகள் ஒவ்வொன்றாகத் துள்ளின. நானும் குதித்தேன். என் குதியும் பதிவாகிவிட்டது!

"ஏனுங் அம்மிணி, மோட்டாரை நிறுத்தோணுங்களா?" இளநீர்க் குலையோடு வந்தார் தோட்டத்துக்காரர்.

"வேண்டாங்கய்யா, ஓடட்டும். அந்தச் சத்தமும் எங்களுக்கு வேணும்."

சொல்லி வாய் மூடவில்லை, கோடுகளெல்லாம் தடித்தன. "மும்முனை வந்துருச்சுங்கய்யா!" சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் ஒரே நேரத்தில் மோட்டாரைக் கிளப்பியிருந்தன. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கணும்.

இந்த இரைச்சலுக்குள் நிலநடுக்கத்தை எப்படிப் பிரிப்பது? மோட்டார் அதிர்வு பக்கத்துக் கருவியில் பெரிதாகவும் தள்ளியிருப்பதில் சிறிதாகவும் விழும். சுமத்திராவில் பூமி குலுங்கினால், அந்த அலை நொடிக்கும் குறைவான முன்பின்னில், ஒரே உருவில் எட்டிலும் வந்து சேரும். அந்த இடைவெளியைச் சரிக்கட்டி எட்டையும் கூட்டினால் இரைச்சல் தேயும், நிலநடுக்கம் எழுந்து நிற்கும். இதே வித்தையைக் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில், 'எல்' வடிவில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வைத்த 20 கருவிகளால் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1965 முதல் செய்துவருகிறது. தூர தேசத்து அணுகுண்டுச் சோதனைகூட அதற்குத் தப்பாது. அதே வகையில் அமைந்த ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குக் காற்றாலை வைக்கக் கட்டுப்பாடு உண்டு. கோபுரம் ஆடுவதே பதிவைக் கெடுக்குமாம். இங்கேயோ காற்றாலைகள் தலைக்கு மேலேயே சுற்றுகின்றன!

ஆனால் இந்தப் பிள்ளைகள் இரைச்சலைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். லாரியும் மோட்டாரும் எழுப்பும் அதிர்வு மண்ணில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிட்டால், மண் எவ்வளவு இளக்கம், பாறை எத்தனை ஆழத்தில் என்று தெரிந்துவிடும். இளகிய மண்மேல் நிற்கும் வீடுதான் அதிகம் ஆடும். 1900 பிப்ரவரி 8-ல் கோவை வட்டாரத்தை ஏறத்தாழ 6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. அடுக்குமாடி எழுப்பும் இந்த வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு மிக அவசியம்.

உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பக்கெட் கவிழ்ந்து கிடந்து, அதிலிருந்து ஒயர் போனால், தயவுசெய்து தூக்கிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நின்று ஒரு குதி குதியுங்கள், போதும்!