மலைவழிக்கு ஒரு மிதிவண்டி

நுழையும்முன்

புதிய மிதிவண்டி வீட்டுக்கு வரும் நாள் பிள்ளைகளுக்குத் திருநாள். ஆனால் மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு மிதிவண்டி வாங்குவது மகிழ்ச்சிக்குரிய செயல் மட்டுமன்று. உயிர்ப்பாதுகாப்பைக் கருதி எடுக்கவேண்டிய முடிவும் ஆகும். நடுத்தர விலையில் ஒரு மலைமிதிவண்டியை ஆராய்ந்து தெரிவு செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

புகைந்த பிரேக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் பகுதி உள்ளது. 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், பழைய கனத்த மிதிவண்டிகளைச் செப்பனிட்டு, மலைச்சரிவின் மண்பாதையில் வேகமாக இறங்கிப் பழகினர். 1976ஆம் ஆண்டு அச்சரிவில் ஒரு போட்டியும் தொடங்கியது. அப்பாதை ஏறத்தாழ 400 மீட்டர் கீழிறங்குவது.

அவ்வண்டிகளின் பிரேக்கு பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி நிற்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிவிடும். மறுமுறை இறங்குமுன் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். ஆகவே, ‘மீண்டும் அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்போட்டியின் பெயராயிற்று.

அவ்விளைஞர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977ஆம் ஆண்டு மலைப்பாதைக்கென்றே புதிய சட்டகம் ஒன்றை உருவாக்கினார். விளையாட்டாகத் தொடங்கிய இம்முயற்சி வளர்ந்து, 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாக இடம்பெற்றது. ஏறுவதற்கு உதவும் வண்டி பாதி வண்டியே. பாதுகாப்பாக இறங்க உதவுவதே முழு வண்டி. புகைந்த பிரேக்கு கற்பித்த பாடம் இது.

இரு வண்டிகள், ஒரே விலை

டேராடூனில் பயிலும் மாணவி ஒருத்திக்கு அவள் பெற்றோர் மலைமிதிவண்டி வாங்க முன்வருகின்றனர் எனக் கொள்ளலாம். அவள் ஊர் ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் உள்ளது. அருகிலுள்ள முசௌரியோ ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்கிருந்து வீடு திரும்பும் வழி, ரீபேக் சரிவைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட இறக்கம். வார நாள்களில் பள்ளிக்குச் செல்லவும், விடுமுறை நாள்களில் மலையடிவார மண்பாதைகளில் செல்லவும் அவளுக்கு வண்டி வேண்டும்.

கடையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. விலை ஒன்றே. ஒன்றில் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள் உள்ளன. வண்ணமும் கண்ணைப் பறிக்கிறது. மற்றொன்றில் முன்புறம் மட்டுமே அதிர்வுதாங்கி, தோற்றம் எளியது. இவ்விரண்டாம் வகையே ‘ஹார்ட்டெயில்’ எனப்படும். பின்பகுதி அசையாது உறுதியாக இருப்பதால் ‘கடினமான வால்’ எனப் பொருள்படும் இப்பெயர் வந்தது.

இரண்டு அதிர்வுதாங்கிகள் ஒன்றைவிடச் சிறந்தவை அல்லவா என்று தோன்றும். ஆனால் விலை ஒன்றே என்பதை மறத்தலாகாது. நல்ல பின் அதிர்வுதாங்கி விலை மிகுந்தது. குறைந்த விலையில் அதைச் சேர்க்கவேண்டுமெனில் பிரேக்கிலும் சக்கரத்திலும் கியரிலும் தரம் குறைக்கப்படும். எடையும் கூடும், மிதிக்கும் ஆற்றலில் ஒரு பகுதி வண்டியைக் குலுக்குவதிலேயே வீணாகும். ஹார்ட்டெயிலில் பழுதாகும் உறுப்புகள் குறைவு. செலவிடும் பணம் இன்றியமையாத உறுப்புகளுக்குச் செல்கிறது.

மாற்ற இயலாதது முதலில்

வண்டியின் உறுப்புகளை ஆராய எளிய நெறி ஒன்று உண்டு. பின்னர் மாற்ற இயலாததை முதலில் நோக்க வேண்டும். எளிதில் மாற்றக்கூடியதை இறுதியில் நோக்கலாம். இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி உறை, டயர் ஆகியவற்றைக் குறைந்த செலவில் மாற்றலாம். சட்டகத்தை மாற்றினால் வண்டியையே மாற்றியதாகும்.

எனவே, சட்டகத்தின் அளவே முதற்கேள்வி. ‘வளரும் பிள்ளை’ என்று சட்டையைப் பெரிதாக எடுப்பதுபோல் வண்டியையும் பெரிதாக வாங்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சட்டை பெரிதானால் தொங்கும். வண்டி பெரிதானால் வீழ்த்தும். மேற்குழாயின் இருபுறமும் கால்களை ஊன்றி நிற்கும்போது, உடலுக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இருக்கையில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் அவ்வண்டி பெரியது.

சட்டகத்தின் முன்புறக் குழாய் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருத்தல் நன்று. பிற்காலத்தில் உயர்தர முன்கவையைப் பொருத்த அவ்வமைப்பு பெரிதும் உதவும்.

விரலால் நிறுத்துதல்

அடுத்து நோக்கவேண்டியது பிரேக்கு. மலைவண்டிகளில் சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை இரு கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. இது டிஸ்க் பிரேக் எனப்படும். கைப்பிடியின் விசையைக் கட்டைகளுக்குக் கொண்டு சேர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்றில் எஃகுக் கம்பி இழுக்கிறது. மற்றொன்றில் மூடிய குழாயினுள் உள்ள திரவம் தள்ளுகிறது. பின்னது ‘ஹைட்ராலிக்’ வகை.

அடைபட்ட திரவத்தின்மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. அதனால் ஒரு விரலின் சிறுவிசையே வண்டியை நிறுத்தப் போதுமானதாகிறது. கம்பிவழி பிரேக்கில் நெடுந்தொலைவு இறங்கும்போது கை சோர்ந்துவிடும். சேறும் தூசியும் கம்பியைச் சிக்கவைக்கும். ஆனால் கம்பியை எந்தச் சிற்றூர்க் கடையிலும் மாற்றலாம். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்றுப் புகுந்தால் தேர்ந்த பணியாளர் வேண்டும். நீண்ட இறக்கங்களுக்கு ஹைட்ராலிக்கே தகுந்தது. அதைச் செப்பனிடும் கடை ஊரில் உள்ளதா என்பதையும் வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

முன்கவை

முன்சக்கரத்தைத் தாங்கும் கவையைக் கடைக்காரர் ‘ஃபோர்க்’ என்பர். இவ்வகை வண்டிகளில் அது பெரும்பாலும் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும். சிலவற்றினுள் சுருள்வில் இருக்கும். சிலவற்றினுள் அடைத்த காற்று இருக்கும். பெரியவர்களின் எடைக்கெனச் செய்த சுருள்வில், மெலிந்த மாணவர் ஏறினால் போதிய அளவு அமுங்காது. அந்நிலையில் அது வெறும் பாரமே. காற்றுக்கவையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுநரின் எடைக்கு ஏற்ப அமைக்கலாம். 100 மில்லிமீட்டர் கவை, ஓட்டுநர் அமர்ந்தவுடன் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் அமைப்புச் சரியானது.

பற்களின் கணக்கு

கியர்களின் எண்ணிக்கை மிகுந்தால் வண்டி சிறந்தது என்பது தவறான எண்ணம். பற்களின் விகிதமே முதன்மையானது. முன்புறப் பல்சக்கரத்தில் 32 பற்கள் உள்ளன எனக் கொள்ளலாம். பின்புறம் 16 பற்கள் உள்ள சக்கரத்தில் சங்கிலி ஓடினால், ஒரு மிதிச்சுற்றுக்குப் பின்சக்கரம் இருமுறை சுற்றும். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். ஆகவே வண்டி 4.6 மீட்டர் முன்னேறும். சங்கிலி 46 பற்கள் உள்ள சக்கரத்துக்கு மாறினால் ஏறத்தாழ 1.6 மீட்டர் மட்டுமே முன்னேறும். ஆனால் மிதிப்பது எளிதாகும். செங்குத்தான ஏற்றத்தில் அந்தச் சிறுநடையே கைகொடுக்கும். முன்புறம் ஒரே பல்சக்கரம் உள்ள அமைப்பில் சங்கிலி நழுவும் வாய்ப்பும் குறைவு.

சக்கரங்கள் பெரும்பாலும் 27.5 அல்லது 29 அங்குல விட்டம் உடையவை. பெரிய சக்கரம் கற்களையும் வேர்களையும் எளிதாகக் கடக்கும். சிறியது உயரம் குறைந்தோர் திருப்புவதற்கு எளிது.

தெரிவு

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய மாணவி எளிய தோற்றமுடைய ஹார்ட்டெயிலையே தெரிவு செய்கிறாள். கடைத்தெருவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறாள். முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியே சோதிக்கிறாள். பணம் முழுவதையும் வண்டிக்கே செலவிடாமல், தலைக்கவசத்துக்கும் காற்றடிக்கும் பம்புக்கும் மாற்று டியூபுக்கும் ஒரு பகுதியை ஒதுக்குகிறாள்.

அவள் தோழியர் முதலில் அவ்வண்டியை வியந்து நோக்காமல் இருக்கலாம். ஆயினும், மழையில் நனைந்த கொண்டையூசி வளைவில் ஒரு விரல் அசைவுக்குக் கட்டுப்பட்டு வண்டி நிற்கும்போது, அவள் தெரிவின் மதிப்பு விளங்கும்.

அருஞ்சொற்பொருள்

சட்டகம் – வண்டியின் உடற்கூடு, கடைவழக்கில் ஃபிரேம்
குடம் – சக்கரத்தின் நடுவுறுப்பு
முன்கவை – முன்சக்கரத்தைத் தாங்கும் இருகிளை உறுப்பு
சீர்தூக்குதல் – நிறைகுறைகளை ஒப்பிட்டு ஆராய்தல்
கொண்டையூசி வளைவு – மலைச்சாலையின் குறுகிய திருப்பம்

பயிற்சிகள்

1. ‘ரீபேக்’ என்னும் பெயர் வந்த காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.
2. ஒரே விலையில் உள்ள இரு வண்டிகளுள் ஹார்ட்டெயில் சிறந்ததாகக் கருதப்படுவது ஏன்?
3. முன்புறம் 32 பற்களும் பின்புறம் 32 பற்களும் இருந்தால், ஒரு மிதிச்சுற்றில் 29 அங்குலச் சக்கர வண்டி எவ்வளவு தொலைவு செல்லும்?
4. பிரித்து எழுதுக: மலைவழிக்கு, அவ்விளைஞர், இவ்விரண்டு.
5. வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் ஓட்டிய முதல் மிதிவண்டியைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அதன் உறுப்புகளுக்கு அவர்கள் ஊரில் வழங்கிய பெயர்களையும் பட்டியலிடுக.