தாமதமானால் காசு வாபஸ்

ஹாம்பர்க் மத்திய ரயில் நிலையம். தினமும் 5 லட்சம் பேருக்கு மேல் புழங்கும் இடம். நீலநிறத் தகவல் பலகையில் ‘சுமார் 60 நிமிடம் தாமதம்’ என்று வந்தால், பழகிய பயணிகள் உடனே கைபேசியைத் திறக்கிறார்கள். மாற்று ரயில் தேட மட்டுமல்ல, காசைத் திரும்பக் கேட்கவும்தான்.

நேரந்தவறாமைக்குப் பேர்போன ஜெர்மனியில், 2024-ல் டாய்ச்ச பான் நிறுவனத்தின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதமே குறித்த நேரத்துக்கு வந்தன. இத்தனைக்கும், 6 நிமிடத்துக்குள் வந்தால் அதைத் தாமதமாக எண்ணுவதில்லை. ரத்தான ரயில்கள் கணக்கிலேயே சேர்வதில்லை. பழசாகிப்போன தண்டவாளங்கள், சிக்னல் கோளாறு, ஓயாத பராமரிப்புப் பணி ஆகியவைதான் முக்கியக் காரணங்கள்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, போய்ச்சேரும் ஊரை 60 நிமிடம் தாமதமாக அடைந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமானால் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். 80 யூரோ டிக்கெட் என்றால் முறையே 20, 40 யூரோ.

2023 ஜூன் முதல் ஒரு விலக்கு வந்தது. கடும் புயல், தண்டவாளத்தில் ஆள் நடமாட்டம், கேபிள் திருட்டு போன்றவற்றால் தாமதமானால் நிறுவனம் பணம் தரத் தேவையில்லை. ஆனால் ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

2021-க்கு முன் காகிதப் படிவத்தை நிரப்பித் தரவேண்டியிருந்தது. இப்போது செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். கெடு 3 மாதம். 4 யூரோவுக்குக் குறைவான தொகை மட்டும் கைக்கு வராது.