பேருந்து நிறைய வரும் விருந்தாளிகள்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு ஏறிவரும் சுற்றுலாப் பேருந்துகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். சேர்வராயன் மலையில் விளையும் மிளகையும் காப்பியையும் விற்கும் வணிகருக்கு, மே மாதக் கோடை விழாவின்போது கூட்டம் தானாகவே வரும். மழைக்காலத்தில் கடை திறந்து காத்திருக்கும்போதுதான், முன்பு வந்தவர் மீண்டும் வருவாரா, பிறரை அனுப்பி வைப்பாரா என்ற கேள்வி அவருடைய அடுப்பைத் தொடுகிறது.

கூட்டமாக வருவோர் வாங்குவதும் ஒன்றாக, பேசிக்கொள்வதும் ஒன்றாக. பேருந்தில் அமர்ந்ததும் பொட்டலங்களைப் பிரித்து விலையை ஒப்பிடுவார்கள். ஒருவரிடம் ஒரு விலை, அடுத்தவரிடம் வேறு விலை என்றால், மலை இறங்குவதற்குள் அது நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். நிறுத்த பிறகு ஒரு கைப்பிடி மிளகை அள்ளிப் போட்டதும் அவ்வாறே தெரிந்துவிடும். அந்தப் பேருந்தில் வந்த ஆசிரியர்தானே அடுத்த ஆண்டும் மாணவர்களை அழைத்து வரப்போகிறவர்!

ஹஜர் என்னும் ஊரிலிருந்து துணி கொண்டுவந்த வெளியூர் வணிகர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஆடை வாங்கியபோது, கிரயத்தை நிறுத்துக் கொடுப்பவரிடம், சற்றுக் கூடுதலாகவே நிறுக்கும்படி கூறினார்கள். சுவைத் பின் கைஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது. கொசுறு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றுக்கு எத்தனை பெரிய முன்மாதிரி!

இத்தனை பேருக்கு ஒருவர் இலவசம் என்பது பயணத் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். இதனால் வணிகர் நொடித்துப் போவதில்லை. நாற்பது பேருக்குச் சமைக்கும் உணவகத்தில் வாடகையும் சமையற்காரர் கூலியும் முன்பே செலவாகிவிட்டன. நாற்பத்தொன்றாவது இலைக்கு ஆவது அரிசியும் குழம்பும் மட்டுமே.

ஆனால் ஓட்டுநர் விஷயத்தில் கவனம் தேவை. பசியோடு வந்தவருக்கு நம் இலாபத்திலிருந்து உணவளித்தால் அது உபசரிப்பு. கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதற்காக அவருக்குத் தரகு கொடுத்து, அதைப் பயணிகளுக்குத் தெரியாமல் அவர்கள் விலையிலேயே ஏற்றினால், அதனைத் தாராளம் என்று எப்படி அழைப்பது? விலையை உயர்த்தி எழுதிவிட்டுத் தள்ளுபடி என்று அறிவிப்பதும் இதன் உடன்பிறப்பே. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை, சந்தை நிலவரம் அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெளியூராரின் அறியாமை நமக்கு மூலதனமாகக் கூடாது என்பது அதிலிருந்து விளங்கவில்லையா? மலையூரின் விலை தெரியாமல் வருகிறவரும் அவரைப் போன்றவரே.

பணம் அதிகம் தேவைப்படாத தாராளமும் உண்டு. வளைவுகளில் தலைசுற்றி இறங்கும் முதியவருக்கு ஒரு நாற்காலி, குழந்தையின் பாலுக்கு வெந்நீர், எதுவும் வாங்காத பெண்களுக்கும் முகம் சுளிக்காமல் திறந்துவிடும் கழிப்பறை. வண்டி மீண்டும் எந்தக் கடை முன் நிற்க வேண்டும் என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்களே.