பகடைக் கணக்கும் சார்புகளின் சுருளலும்

ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எந்த எண்ணும் சம வாய்ப்புடன் விழக்கூடும் என்றாலும், இரண்டை உருட்டிக் கூட்டும்போது அச்சமநிலை குலைந்து, மொத்தமுள்ள 36 நிலைகளில் 2 என்பது ஒரே வழியிலும் 7 என்பது 6 வழிகளிலும் கிடைக்கிறது. இவ்வழிகளை எண்ண, ஒரு பகடையின் வாய்ப்புகளின் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, மற்றதன் பட்டியலின் மேல் படிப்படியாக நகர்த்தி, எதிரெதிரே நிற்பவற்றைப் பெருக்கிக் கூட்டும் இச்செயலே கன்வல்யூஷன் எனப்படும் சுருளல் ஆகும். தொடர்ச்சியான சார்புகளுக்கு, அதாவது ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரு மதிப்பைத் தரும் விதிகளுக்கு, கூட்டலின் இடத்தைத் தொகையீடு எடுத்துக்கொள்கிறது.

இரு சார்புகளில் எதைத் திருப்பினாலும் விடை மாறாது. செங்குத்தான விளிம்புகள் கொண்ட பெட்டி வடிவச் சார்பைத் தன்னோடேயே சுருட்டினால் முறிவற்ற முக்கோணமும், அதைப் பெட்டியுடன் மீண்டும் சுருட்டினால் இன்னும் வழவழப்பான வளைவும் தோன்றுவது சுருளலின் மிக அழகிய பண்பு எனலாம். நடைமுறைக்குப் பெரிதும் உதவுவதோ வேறொன்று: ஃபூரியே உருமாற்றத்தால் சார்புகளை அலைவெண்களாகப் பிரித்துவிட்டால், உழைப்பு மிகுந்த இச்சுருளல் வெறும் பெருக்கலாகிவிடுவதால், 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு உருமாற்ற முறையின் துணையுடன் நீண்ட ஒலிப்பதிவுகளையும் பெரிய படங்களையும் கணினிகளால் சுருளல் வழியே விரைவாக வடிகட்ட முடிகிறது.