கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடா, அசெம்பிளா? ஒரு லட்ச ரூபாயோடு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள்!

"தம்பி, உன் மருமவன் ஒரு லட்ச ரூவா கேக்கான். கம்ப்யூட்டர் வாங்கணுமாம், வெளையாடுததுக்கு! நீயே அவன்கிட்ட பேசு."

2025 டிசம்பரில் திருநெல்வேலியிலிருந்து அக்கா போட்ட போன் இது.

அந்த ஒரு லட்சம் அக்காவின் சீட்டுப் பணம். இரண்டு வருடம் மாதாமாதம் கட்டி எடுத்தது. சமையலறை மேடையை இடித்துக் கட்டலாம் என்று வைத்திருந்தாள். ஆனால், 'முதல் வருஷத்தை அரியர் இல்லாம முடிச்சா கேமிங் கம்ப்யூட்டர்' என்று அத்தான் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டார். இன்ஜினீயரிங் படிக்கும் பையன் முடித்தும் காட்டிவிட்டான். வாங்குவதா, வேண்டாமா என்பதில் சண்டை இல்லை. எப்படி வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டாகிவிட்டது.

"கம்பெனி பேர் போட்டு ரெடியா வருதுல்லா, அதையே வாங்குவோம். கெட்டுப்போனா அவன் வந்து பாப்பான்" என்பது அத்தான் கட்சி. "அதே காசுக்குப் பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் பண்ணா இதைவிட நல்ல மெஷின் வரும்" என்பது மருமகன் கட்சி. நடுவில் தாய்மாமன் நான்.

இவர்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கதை ஒன்று என்னிடம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினேன். கடைக்காரரே அசெம்பிள் செய்து, கண்ணாடிக் கதவு, கலர் கலராக எரியும் ஃபேன் எல்லாம் வைத்துக் கையில் கொடுத்தார். பதினான்காவது மாதம் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது. கார்டு கம்பெனி மூன்று வருட வாரன்ட்டி தருகிறதே என்று தைரியமாக சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பில் கேட்டார்கள். எடுத்து நீட்டினேன். அதில் ஒரே ஒரு வரிதான்: 'கம்ப்யூட்டர் - 1'. என்ன கார்டு, என்ன சீரியல் நம்பர், எதுவும் இல்லை. கடைக்குத் திரும்பினால், "நாங்க கொடுத்தது ஒரு வருஷம்தான் சார், முடிஞ்சிருச்சே" என்றார்கள். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்த கார்டு இன்றைக்கும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

அதனால் 'ரெடிமேடா, அசெம்பிளா' என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்த ஒரு வரி பில்தான். விலையெல்லாம் அப்புறம்.

எந்த கேம் ஆடப் போகிறாய்?

மருமகனிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது. 'வாலரன்ட்' மட்டும்தான் என்றால் ஒரு லட்சம் தேவையே இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும்படி செய்யப்பட்ட இலவச கேம் அது. ரைசன் 5600ஜி போல, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ஒரு பிராசஸரை வைத்துப் பாதிப் பணத்தில் முடித்துவிடலாம். பிறகு கையில் காசு சேரும்போது கார்டு மாட்டிக்கொள்ளலாம். 'சைபர்பங்க் 2077' மாதிரியான கேம்களைப் படம் பளிச்சென்று தெரிகிற தரத்தில் ஆட வேண்டுமென்றால்தான் தனி கார்டு. அப்போது மொத்தப் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கேம் தவிர வேறு வேலையே இல்லை என்றால் பிளேஸ்டேஷன் போதும்.

எங்கள் பையனுக்கு இரண்டு கேமும் வேண்டும். "பிளெண்டர் சாஃப்ட்வேர்ல அனிமேஷனும் கத்துக்கப் போறேன் மாமா" என்றான். அதில் பாதியை நம்பினேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மறுநாளே அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். "மாப்ளே, இது போதாதா அவனுக்கு?"

ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. பின்னால் வரும் எண்தான் ஆளின் பெயர். ஐ7-4770 வந்தது 2013-ல். ஐ7-14700கே வந்தது 2023-ல். இரண்டுமே ஐ7தான். அத்தான் அனுப்பியதைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தால், சின்ன எழுத்தில் 'நான்காம் தலைமுறை' என்று இருந்தது. கார்டு, ஜிடி 730. அது 2014-ல் வந்த சரக்கு. ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்து ஓய்வுபெற்ற மெஷினுக்குப் புதுச் சட்டை போட்டு, கலர் லைட்டும் மாட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் தகுதிப் பட்டியலில் நான்காம் தலைமுறைக்கு இடமில்லை. வாங்கிய அன்றைக்கே பழசு.

எல்லா ரெடிமேடும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளின் பெட்டியில் பிராசஸரும் கார்டும் புதுசாகத்தான் இருக்கும். அவற்றை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ் பற்றி மூச்சு விட மாட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

எஸ்.எம்.பி.எஸ் என்பது வீட்டுக் கரன்ட்டை வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் இரும்பு டப்பா. மட்டமான டப்பாவிலும் '500 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் இருக்கும். கேம் சூடு பிடித்து, கார்டு கரன்ட்டை இழுக்கும்போது தானும் போய், சில சமயம் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். யார் தயாரித்தது, '80 பிளஸ்' சான்று உண்டா, வாரன்ட்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். ஐந்து வருடம் என்றால் ஓரளவு நிம்மதி. இன்னொன்று, சில கம்பெனிகள் மதர்போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்-ஸையும் தங்களுக்கென்றே தனி அளவில் செய்கின்றன. பின்னாளில் அதை மாற்ற வேண்டுமென்றால் வெளிக்கடை சரக்கு பொருந்தாது.

இதற்காக அத்தான் கட்சி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். 'கெட்டுப்போனா யார் வந்து பாப்பா?' என்பது நியாயமான கேள்வி. பார்ட்ஸ் வாங்கிக் கட்டினால், எது கெட்டது என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. கார்டு ஒரு கம்பெனி, ராம் ஒரு கம்பெனி, மதர்போர்டு இன்னொன்று. சர்வீஸ் சென்டர் வேறு ஊரில் இருந்தால் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு, எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரை நம்பித்தான் பிழைப்பு, வீட்டில் கழற்றி மாட்டத் தெரிந்த ஆளும் இல்லை என்றால், வீட்டுக்கே ஆள் வரும் வாரன்ட்டியோடு பெரிய கம்பெனி பெட்டியை வாங்குவதில் தப்பே இல்லை. ஒரிஜினல் விண்டோஸும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வரும். கட்டுகிற கம்ப்யூட்டரில் அது தனிச் செலவு. மருமகன் போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவே இல்லை!

போதாக்குறைக்கு அந்த டிசம்பரில் ராம் விலை வேறு. ஏ.ஐ சர்வர்களுக்கு மெமரி செய்து விற்பதில் லாபம் அதிகம் என்று சிப் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ராம் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. கடைகளில் 'க்ரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த ராம், எஸ்.எஸ்.டி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அறிவித்ததும் அந்த மாதம்தான். இந்த மாதிரி நேரத்தில், பழைய விலை ராமைப் போட்டு ஏற்கெனவே கட்டி வைத்த ரெடிமேட் பெட்டி, நாம் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும். 'கட்டினால்தான் லாபம்' என்று அடித்துச் சொல்லும் யூடியூப் வீடியோ எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பில் இல்லாம வாங்கிக்கோங்க தம்பி..."

மருமகன் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கினான். டிபனை முடித்துவிட்டு இருவரும் ஆட்டோவில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். டெல்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, சென்னைக்கு இது அப்படி. அண்ணா சாலையை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாவற்றையும் சேர்த்தே ஜனங்கள் ரிச்சி ஸ்ட்ரீட் என்பார்கள். நுழைந்ததுமே "சார், லேப்டாப்பா, சிசிடிவியா, என்ன வேணும்?" என்று கூப்பிடுவார்கள். கையில் பட்டியல் இல்லாமல் போனால், கடைக்காரரிடம் எது தங்கிக் கிடக்கிறதோ அது உங்களுக்கு வேண்டியதாகிவிடும்.

எங்கள் பட்டியல் இது: ரைசன் 5 7600 பிராசஸர், அதற்கேற்ற பி650 மதர்போர்டு, ஆர்.டி.எக்ஸ் 5060 கார்டு, 1 டிபி எஸ்.எஸ்.டி, 650 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ், கேபினெட், 24 இன்ச் மானிட்டர். கார்டில் 8 ஜிபி மெமரிதான் என்று மருமகன் முனகினான். 16 ஜிபி கார்டு அக்காவின் சீட்டுக்குள் அடங்காது. பிராசஸரைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். ஒன்று, அதற்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு. கார்டு சர்வீஸுக்குப் போனாலும் திரையில் படம் வரும், காலேஜ் வேலை நிற்காது. இன்டெலில் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த வசதி கிடையாது. இரண்டு, மதர்போர்டு. ஏ.எம்.டி-யின் முந்தைய ஏ.எம்4 போர்டுகள் பலவற்றில், 2017-ல் வாங்கியவர்கள்கூட 2022-ல் வந்த பிராசஸரை மாட்ட முடிந்தது. இப்போதைய ஏ.எம்5-க்கும் 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று அந்த கம்பெனி சொல்லியிருக்கிறது. முதல் சம்பளத்தில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ராம் மட்டும் 16 ஜிபி ஒற்றைக் குச்சி. இரண்டாக மாட்டினால்தான் வேகம் முழுசாகக் கிடைக்கும். ரெடிமேடில் ஒற்றை ராம் போட்டால் திட்டுகிற நானே அன்றைக்கு அதை வாங்கச் சொன்னேன். விலை அப்படி.

முதல் கடையில் நாங்கள் கேட்ட எஸ்.எம்.பி.எஸ் இல்லை, "இதே மாதிரி வேற" இருந்தது. கிளம்பிவிட்டோம். இரண்டாவது கடையில் எல்லாமே இருந்தன. கொட்டேஷன் போட்டவர் குரலைத் தாழ்த்தி, "பில் இல்லாம வாங்கிக்கோங்க தம்பி, நாலாயிரம் குறைச்சுக்கலாம்" என்றார். மருமகன் முகம் மலர்ந்துவிட்டது. நாலாயிரம் என்றால் அடுத்த ராமுக்கு ஒரு பங்கு!

டீக்கடைக்குக் கூட்டிப்போய் என் பச்சைக் கோடு கதையைச் சொன்னேன். பாதி டீயில் நிறுத்திவிட்டு, "அந்தக் கார்டு இன்னும் இருக்கா மாமா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "பில்லோடயே வாங்குவோம்."

மூன்றாவது கடையில் ஒவ்வொரு பாகத்துக்கும் மாடலும் சீரியல் நம்பரும் போட்ட ஜி.எஸ்.டி பில் தந்தார்கள். பெட்டியில் இருக்கும் நம்பரையும் பில்லையும் அங்கேயே நின்று சரிபார்த்தோம். மொத்தம் 98,000 சொச்சம். விண்டோஸுக்குத் தன் பொங்கல் காசைத் தருவதாக மருமகன் ஒப்புக்கொண்டான்.

மாட்டித் தரட்டுமா என்று கடையில் கேட்டார்கள். பலருக்கும் நான் சொல்வது இந்த வழிதான். பார்ட்ஸ் நம் தேர்வு, மாட்டுவது கடைக்காரர், ஆன் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்து வருவது. ஆனால், கனமான கார்டை மாட்டிய கேபினெட்டை ராத்திரி முழுக்க ரயிலில் குலுக்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. பாகங்கள் அவற்றின் பெட்டியிலேயே பயணம் செய்வது நல்லது. நானும் கூடவே கிளம்பினேன்.

சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆபரேஷன்

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினோம். பிராசஸரை முக்கோணக் குறி பார்த்து வைத்தது, கூலரை இறுக்கியது எல்லாம் மருமகன் கைதான். ராமைச் செருகும்போது மட்டும் 'உடைஞ்சிருமோ' என்று பயந்தான். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அந்தப் பயத்தில் அரைகுறையாகச் செருகிவிட்டு, கம்ப்யூட்டரே போச்சு என்று கலங்கியவர்கள் ஏராளம். மானிட்டர் கேபிளை கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டிவிட்டு, 'கேம் ஓடவே இல்லை' என்று புலம்புபவர்கள் இன்னொரு கூட்டம்.

இரவு ஒன்பதரைக்கு சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. திரை மட்டும் கருப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அத்தான் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அக்கா சாமி அறைப் பக்கம் திரும்பி நின்றாள். மருமகன் வியர்த்துப்போய் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினான்.

"தொடாதே" என்றேன். புது மதர்போர்டில் டிடிஆர்5 ராமை முதல்முறை மாட்டி ஆன் செய்தால், அது அந்த ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. இது தெரியாமல் பாதியில் அணைத்து, எல்லாவற்றையும் கழற்றிப்போடுபவர்கள் உண்டு. தெரிந்த எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்காவது நிமிடம் மதர்போர்டு கம்பெனியின் முத்திரை திரையில் வந்தது. மருமகன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு லைட் எரிந்தது.

மறுநாள் காலை கேபினெட்டைத் துடைக்கப் போன அக்கா, "சுர்ருங்குது" என்று கையை உதறினாள். அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் ஒயரே இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்தோம். கேமிங் மெஷின் வைக்கும் வீட்டில் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. பழைய 600 விஏ யூ.பி.எஸ்-ஸையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மெயில் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு அது சரி, கேம் ஓடும்போது கரன்ட் போனால் பாரம் தாங்காது. அந்தச் செலவுக்கு அத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

போன வாரம் அக்காவிடமிருந்து மறுபடி போன்.

"தம்பி, பரண்ல எட்டு அட்டைப்பெட்டி சும்மா கெடக்கு. எடைக்குப் போட்டுரட்டா?"

"போட்டுராதக்கா! பில்லும் பெட்டியும் மூணு வருஷத்துக்கு அங்கயே இருக்கட்டும்."

"அப்போ என் பெரிய இட்லிக் கொப்பரையை எங்கலே வைக்க? மேடையும் கட்டலை, பரணும் போச்சு!"